நாட்டு வேட்டை நாய்களும் நம் பொறுப்பும்

(ஊராட்சி ஒன்றியக் கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

     

கறவை மாட்டைப் பற்றியும், ஆட்டுக் கிடையைப் பற்றியும், கோழி வளர்ப்பைப் பற்றியும் இத்தகைய கூட்டங்களில் பன்முறை பேசியிருக்கிறோம். நாயைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு கூட்டமா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் நம் தென் மாவட்டங்களில் நாய் வளர்ப்பு இன்று பொழுதுபோக்கு மட்டும் அன்று. பல குடும்பங்களுக்கு அது வருவாய் தரும் தொழில். எனவே அத்தொழிலை நேர்மையாகவும் அறிவோடும் நடத்துவது எவ்வாறு என்று சிந்திப்பது கிராம முன்னேற்றப் பணிகளுள் ஒன்றேயாகும்.

ஊரின் பெயரைத் தாங்கிய இனங்கள்

விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறையும் இராசபாளையமும், தேனி மாவட்டத்துக் கோம்பையும் தத்தம் பெயரை நாயினங்களுக்கு அளித்த ஊர்கள். இவற்றோடு, கருநிற உடலும் பழுப்புக் கால்களும் கொண்ட கன்னி நாயையும் சேர்த்து எண்ண வேண்டும். மணமாகிச் செல்லும் பெண்ணுக்குச் சீராக இந்நாயைக் கொடுத்தமையால் கன்னி என்ற பெயர் வந்தது என்பர். குட்டியை விலைக்கு விற்காமல் வேண்டியவர்க்குப் பரிசாக வழங்குவதே அந்நாளைய வழக்கம் என்றும் முதியோர் கூறுவர்.

2005-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அவற்றுள் இராசபாளையம் ஒன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டபோது நம் இனங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் நாட்டு இனங்களுக்கு ஊக்கம் அளிக்கிறது. இவையெல்லாம் நமக்குப் பெருமை தருவன.

ஆனால் பெருமை வந்தால் கிராக்கியும் வரும். கிராக்கி வந்தால் அவசரமும் உடன் வரும். நகரத்திலிருந்து ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்பதற்காக, வயது நிரம்பாத பெட்டையை இணை சேர்ப்பதும், பால் மறவாத குட்டியைக் கூடையில் வைத்துப் பேருந்தில் அனுப்புவதும் ஆங்காங்கே நடைபெறுகின்றன. இனத்தின் பெயரால் நடக்கும் இச்செயல்களே இனத்தைக் கெடுக்கின்றன. ஒரு குட்டி பிறக்கக் காரணமானவர் அதன் வாழ்வுக்கும் பொறுப்பாளர் ஆவார். இன்று நான் வற்புறுத்த விரும்பும் கருத்து இந்த ஒன்றுதான்.

வேட்டை இல்லாத வேட்டை நாய்

இந்நாய்கள் முயலைத் துரத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால், கூரிய பார்வை ஆகிய யாவும் ஓட்டத்திற்கென்றே அமைந்தவை. ஆனால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றமாகும். நாயை ஏவிப் பிடித்தாலும் குற்றம் குற்றமே.

அவ்வாறாயின் இந்நாய்களுக்கு வேலை இல்லையா? உண்டு. ஆட்டுக் கிடைக்கும், களத்து மேட்டுக்கும், தனித்த தோட்ட வீட்டுக்கும் இவற்றைப் போன்ற காவலர் அரியர். வேட்டை நின்றாலும் ஓட வேண்டும் என்ற இயல்பு நாயினிடமிருந்து நீங்கிவிடாது. ஆகவே காலையும் மாலையும் அடைப்புள்ள இடத்தில் ஓட விடுதல் வேண்டும். நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் ஓட்ட நாய் முரட்டுக் குணம் கொள்ளும். அல்லது அவிழ்ந்த அன்று அயலார் ஆட்டைக் கடிக்கும். ஓட விட இடமில்லாதவர்க்கு இக்குட்டியைக் கொடுப்பது இருவர்க்கும் தீங்காகும்.

இணை சேர்க்குமுன்

பெட்டை நாய் பொதுவாக 6 முதல் 12 மாதத்திற்குள் முதற் பருவத்தை அடையும். ஓட்ட நாய்களில் இது பிந்துவதும் உண்டு. பருவம் வந்தது என்பதனாலேயே அது தாயாகத் தகுதி பெற்றுவிடாது. 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள், பெட்டைக்கு 18 மாதம் நிரம்ப வேண்டும் என்றும், ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது என்றும், வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது என்றும், 8 வயதுக்குப் பின் இணை சேர்த்தல் ஆகாது என்றும் வரையறுத்துள்ளன. குட்டிகளை விற்பனைக்காக ஈனச் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுதலும் வேண்டும். இவ்விதிகளைச் சுமையாகக் கருத வேண்டா. அடுத்தடுத்து ஈன்று மெலிந்த தாயின் குட்டிகள் நோஞ்சானாகவே இருக்கும் என்பதை ஆடு வளர்க்கும் எவரும் அறிவர்.

அடுத்தது உறவுக் கலப்பு. ஓர் ஊரில் பெயர் பெற்ற கடுவன் ஒன்று இருந்தால் சுற்று வட்டாரத்துப் பெட்டைகள் அனைத்தும் அதனிடமே வருகின்றன. சில ஆண்டுகளில் அதன் மகளும் பேத்தியும் அதனிடமே கொண்டுவரப்படுகின்றன. ஒரே குருதியில் மறைந்து கிடந்த குறைகள் தாய் தந்தை இரு பக்கமும் சந்திக்கும்போது குட்டியிடத்தில் வெளிப்படுகின்றன. இதற்கு மருந்து ஒரு குறிப்பேடு. தாய், தந்தை, இருபுறத்துப் பாட்டன் பாட்டி, பிறந்த நாள், குட்டிகளின் எண்ணிக்கை, இறந்தவை, குறையுள்ளவை ஆகியவற்றை எழுதி வைத்தால் போதும். பள்ளியில் படிக்கும் பிள்ளையே இதனை எழுதிவிடும். தொலைவிலுள்ள ஊரின் கடுவனைத் தேடிச் செல்லவும் இக்குறிப்பு வழிகாட்டும்.

இணை சேர்க்குமுன் இரு நாய்களையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது. இணை சேர்வதனாலேயே பரவும் கட்டி நோய் ஒன்று நம் நாட்டு நாய்களிடையே மிகுதி. பிறப்புறுப்பில் குருதி கசிவதும் புண் போன்ற கட்டி தோன்றுவதும் அதன் அடையாளங்கள்.

வெள்ளை நிறத்தின் மேல் கொண்ட ஆசை

இராசபாளையம் நாயைப் பற்றி ஒரு சொல். மாசற்ற வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தாலன்றி விலை போகாது என்று பலர் எண்ணுகின்றனர். புள்ளி விழுந்த குட்டியைப் பிறந்த அன்றே ஒழித்துவிடும் கொடிய வழக்கமும் இருந்தது.

நிறத்தைத் தரும் நுண்ணணுக்கள் தோலுக்கு மட்டும் உரியவை அல்ல. காதின் உட்பகுதி செவ்வனே இயங்கவும் அவை தேவை. அவை அங்கு இல்லாவிடின், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் உட்காது அழிந்து, ஒரு காதோ இரு காதுமோ நிலையாகச் செவிடாகும். தூய வெண்மையை மட்டுமே நாடித் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்தால் செவிட்டுக் குட்டிகளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம் என்பது பொருள். காவல் நாய்க்குக் காது கேளாவிடில் வெண்மையால் என்ன பயன்?

ஐந்து வாரமான பின் ஒவ்வொரு குட்டியையும் தனியே பிரித்து, அது காணாதவாறு பின்னால் நின்று ஓசை எழுப்பிப் பாருங்கள். உடன்பிறந்தவற்றோடு சேர்ந்திருக்கையில் செவிட்டுக் குட்டி மற்றவை எழுவதைக் கண்டு தானும் எழும். ஆதலின் தனியே சோதித்தல் முக்கியம். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இம்முறையால் கண்டறிய இயலாது. அதற்குக் கருவி கொண்டு செய்யும் சோதனை உண்டு. கேளாக் குட்டியை ஒளித்து விற்பது மோசடி. அதனைக் கொல்வதோ தெருவில் விடுவதோ அதனினும் தீது. கைச்சாடையால் பழக்கினால் அதுவும் வீட்டோடு நன்கு வாழும். ஆனால் அதனையும், அத்தகைய குட்டியை ஈன்ற இணையையும் மறுபடி இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது.

ஈற்றும் குட்டி வளர்ப்பும்

சினைக் காலம் சுமார் 63 நாட்கள். கடைசி மூன்று வாரங்களில் உணவைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். கம்பும் கேழ்வரகும் நல்ல தானியங்களே. எனினும் அவை மட்டும் போதா. முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உடன் சேர வேண்டும். காற்றோட்டமும் ஈரமின்மையும் உள்ள ஒதுக்கிடத்தைச் சில நாட்களுக்கு முன்பே பழக்குங்கள். ஈனுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்னர் தாயின் உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறையும். வலுவாக முக்கியும் அரை மணி நேரத்திற்கு மேல் குட்டி வெளிவராவிடின் மருத்துவரை அழைக்க வேண்டும். பால் கொடுக்கும் நாட்களில் தாய்க்கு நடுக்கமும் தள்ளாட்டமும் கண்டால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

முதல் நாளின் சீம்பால் ஒவ்வொரு குட்டிக்கும் கிடைத்ததா என்று பாருங்கள். முதல் இரண்டு வாரம் குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. சாக்குப் படுக்கை நனைந்திருந்தால் அதுவே உயிருக்கு உலை. தராசில் நாள்தோறும் நிறுத்துப் பாருங்கள். பிறந்த எடை பத்து நாளில் இரு மடங்காதல் நன்று. 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். இரண்டாம் வாரத்திலிருந்து மருத்துவர் சொற்படி குடற்புழு நீக்க மருந்தும், நான்காம் வாரத்திலிருந்து குழைந்த உணவும், 6 முதல் 8 வாரத்தில் தொற்றுக் கழிச்சல் முதலிய நோய்களுக்கான முதல் தடுப்பூசியும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் வேண்டும். பிந்தைய ஊசிகளையும் ஆண்டுதோறும் போடும் வெறிநோய் ஊசியையும் மறத்தலாகாது.

மூன்றாம் வாரம் முதல் மூன்றாம் மாதம் வரை குட்டியின் குணம் உருவாகும் பருவம். அப்பொழுது மனிதர், குழந்தைகள், ஆடு மாடு, வண்டி ஓசை ஆகியவற்றோடு பழகிய குட்டி பிற்காலத்தில் அஞ்சிக் கடிப்பது அரிது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலாகாது என்று விதி கூறுவதும் பொருத்தமே. தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கற்கும் அடக்கத்தை வேறு எவரும் கற்பிக்க இயலாது.

விற்ற பின்னும்

வாங்குவோரைப் பணம் ஒன்றைக் கொண்டு மட்டும் அளக்காதீர்கள். இடம் உண்டா, நாளும் ஓட்டிச் செல்ல ஆள் உண்டா என்று கேளுங்கள். ஊசி போட்ட சீட்டையும் குறிப்பேட்டின் நகலையும் உடன் கொடுங்கள். வளர்க்க முடியாவிடின் திருப்பிக் கொண்டுவருமாறு சொல்லுங்கள். பெட்டைக் குட்டி விலை போகவில்லை என்று ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருவதனால் தெரு நாய்கள் பெருகுகின்றன. ஆட்டுக் குட்டிகள் மடிகின்றன. வெறிநோய் அச்சம் நம் குழந்தைகளைச் சூழ்கிறது. அந்தச் செலவு முழுவதும் ஊர் தலையில் விழுகிறது. எத்தனை குட்டிகளுக்கு நல்ல வீடு தேட இயலுமோ, அதற்கு ஏற்பவே இணை சேருங்கள். இனப்பெருக்கத்திற்கு வேண்டாத நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள்.

இறுதியாக இரண்டு வேண்டுகோள். இன்று கூடியிருக்கும் வளர்ப்போர் ஒன்றுசேர்ந்து, ஊருக்கு ஒரு பொதுக் குறிப்பேடு தொடங்குங்கள். நாயின் பரம்பரையை மறைக்காமல் அதில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஊரிலுள்ள எல்லா நாய்களுக்கும், தெரு நாய்கள் உட்பட, வெறிநோய்த் தடுப்பூசி போட ஊராட்சியும் கால்நடை மருந்தகமும் சேர்ந்து ஏற்பாடு செய்யட்டும். ஊரின் பெயரைத் தாங்கிய நாய் எந்த வீட்டிற்குச் சென்றாலும் நம் ஊரின் நேர்மையையும் அது தாங்கிச் செல்லட்டும்.