பெயர்த்து நட்ட மரம்

இன்றைய சிந்தனைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் திருமறைப் பகுதி ஏசாயா தீர்க்கதரிசியின் ஆகமம், 49-ஆம் அதிகாரம், 14 முதல் 16 வரையுள்ள வசனங்கள்.

'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்பது துன்பம் வந்த வீட்டில் நம் பெரியோர் சொல்லும் ஆறுதல் மொழி. உண்டாக்கியவன் காப்பாற்றாமல் விடமாட்டான் என்பது அதன் கருத்து. சொந்த ஊரில், சொந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கும்போது இதனை நம்புவது எளிது. ஆனால் பிழைப்பின் பொருட்டுப் பல நூறு கல் தொலைவு கடந்து வந்து, மொழி வேறு, உணவு வேறு, பருவம் வேறு என்றிருக்கும் நகரில் குடியேறியவர் உள்ளத்தில் மற்றொரு கேள்வி எழுவதுண்டு. மரத்தை வேரோடு பெயர்த்து வேற்று மண்ணில் நட்டுவிட்டால், வைத்தவன் அங்கேயும் வந்து தண்ணீர் ஊற்றுவானா?

இக்கேள்வி புதியதன்று. பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் யூதா நாட்டை அடக்கி, கி.மு. 597-இல் இளம் அரசன் யோயாக்கீனையும், அரண்மனையாரையும், கைவினைஞரையும் தன் நாட்டுக்குக் கொண்டுசென்றான். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப்பின் எருசலேம் நகரமே இடிக்கப்பட்டது, ஆலயம் தீக்கிரையாயிற்று, மேலும் பலர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டனர். பாபிலோனில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகள் சிலவற்றில், யூதாவின் அரசனாகிய அந்த யோயாக்கீனுக்கும் அவன் புதல்வர் ஐவருக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு பதிந்திருக்கிறது. தன் நாட்டில் அரியணை ஏறியவன் அயல் நகரில் பண்டகசாலைக் கணக்கில் ஒரு வரியானான். அரசனுக்கே இந்நிலையென்றால், மற்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த மக்களின் மனக்குறையைத்தான் தீர்க்கதரிசி நமக்குக் கேட்கச் செய்கிறார். கர்த்தர் எங்களைக் கைவிட்டார், எங்களை மறந்தே போனார் என்பது அவர்கள் புலம்பல். கடவுள் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அவர் அங்கே, அந்த இடிந்த மதிலுக்குள் இருந்துவிட்டார். நாம் இங்கே வந்துவிட்டோம் என்பதே அவர்கள் துயரம்.

இப்புலம்பலுக்கு என்ன விடை? வானத்தையும் பூமியையும் படைத்தவர் கடவுள் என்று சொன்னால் போதாதா? தீர்க்கதரிசி அதனைச் சொல்லாமலில்லை. ஆயினும் அது மட்டும் போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஒரு குயவர் பானை வனைகிறார். அது சுடப்பட்டுச் சந்தைக்குப் போகிறது. எவர் வீட்டு அடுப்பில் ஏறிற்று, எந்த நாளில் உடைந்தது என்பதை அவர் அறியார். அறியாமலிருப்பது அவர் குற்றமுமன்று. வனைந்ததோடு அவர் கடமை முடிந்தது. பெற்றவள் நிலை அவ்வாறன்று. 'பெற்ற மனம் பித்து' என்பார்கள். மகன் எங்கே இருந்தாலும், உண்டானா, உறங்கினானா என்று அந்த மனம் அலைந்துகொண்டே இருக்கும். ஆனால் அவளுக்கும் ஓர் எல்லை உண்டு. தொலைவிலுள்ள நகரில் காய்ச்சலோடு கிடக்கும் மகனுக்கு ஒரு குவளை கஞ்சி கொடுக்க அவள் கை நீளாது.

படைத்தவர் என்ற சொல்லில் வல்லமை இருக்கிறது. பெற்றவர் என்ற சொல்லில் நெருக்கம் இருக்கிறது. திருமறை இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. இதே ஆகமத்தின் 64-ஆம் அதிகாரத்தில், மக்கள் தங்களைக் களிமண் என்று தாழ்த்திக் கடவுளை நோக்கி, எங்கள் தந்தை நீர், எங்களை வனைந்த குயவரும் நீர் என்னும் கருத்துப்பட வேண்டிக்கொள்கிறார்கள். இந்தக் குயவர் தம் பானையை விற்றுவிட்டு மறப்பவர் அல்லர். வனைந்தது தம் பிள்ளையை. எபிரெய மொழியில் கருப்பைக்கு 'ரெகெம்' என்று பெயர். மனமிரக்கத்துக்கு 'ரகமீம்' என்று பெயர். இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. கடவுளின் இரக்கத்தைப் பேசும்போதெல்லாம் தாயின் வயிற்றை நினைவூட்டுகிறது அந்த மொழி.

ஆகவே, தாய் தான் பாலூட்டும் குழந்தையை மறப்பாளோ என்று கேட்கிறார் தீர்க்கதரிசி. மறக்கமாட்டாள் என்று நாம் விடை கூறுமுன் அவரே அடுத்த வாக்கியத்தில் நம்மைத் திடுக்கிடச் செய்கிறார். தாயும் மறக்கக்கூடும், நானோ மறப்பதில்லை என்பதே கடவுளின் மறுமொழியாக அவர் தருவது.

இவ்வசனத்தின் ஆழத்தை எனக்கு உணர்த்தியவர், வடநாட்டு நகரொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்த ஒரு நண்பர். விடுமுறையில் ஊருக்குச் சென்றார். முதுமையால் நினைவு தளர்ந்திருந்த அவருடைய தாயார், வாயிலில் நின்ற மகனை ஏறிட்டுப் பார்த்து, "தம்பி யாரு? ரொம்ப தூரத்திலிருந்து வர்றீங்களோ? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாராம். திரும்பி வந்ததும் நண்பர் இதனைச் சொல்லிவிட்டு, "என்னை 'டேய்' என்று கூப்பிட இனிமேல் யாருமில்லை" என்றார். அவருக்கு அப்போதே தலை நரைத்திருந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. சில நாட்களுக்குப்பின் அவரே திருமறையை எடுத்துவந்து, "தாய் மறந்தாலும் என்று எழுதியிருப்பதை இத்தனை நாள் அணியாகப் படித்துவந்தேன், இப்போதுதான் அது எனக்கு எழுதப்பட்டது என்று தெரிகிறது" என்றார்.

அன்பர்களே, தாய்தந்தையர் அன்பு மாசற்றது என்று சொல்லி, அதன்மேல் கடவுளின் அன்பைக் கட்டி எழுப்பவில்லை தீர்க்கதரிசி. நோயினால் மறக்கும் தாயும் உண்டு. வறுமையினால் கைவிடும் தாயும் உண்டு. தந்தை என்றால் பிரம்பையே நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கும் இவ்வசனத்தில் இடமிருக்கிறது. 46-ஆம் அதிகாரத்தில், கருவிலிருந்தே சுமந்த நான் நரைக்கும் வயது வரையிலும் சுமப்பேன் என்று கடவுள் வாக்களிக்கிறார். எந்தத் தாயும் நடக்கத் தெரிந்த பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிடுவாள். நரைத்த தலையையும் குழந்தையாகவே சுமக்கப் படைத்தவர் ஒருவராலேதான் இயலும்.

இதற்கு அடையாளமாக, உன்னை என் உள்ளங்கைகளில் வரைந்திருக்கிறேன் என்ற கருத்தில் கடவுள் பேசுகிறார். பாபிலோனில் அடிமையின் கையில் உடையவனுடைய பெயரைப் பொறிக்கும் வழக்கம் இருந்தது. இங்கே முறை தலைகீழாகிறது. அடிமை தன் கையில் ஆண்டவன் பெயரைத் தாங்கவில்லை. ஆண்டவர் தம் கையில் அடிமையின் பெயரைத் தாங்குகிறார். அயல்நாட்டுக் களிமண்ணில் கணக்கு வரியாகிப்போன பெயர், படைத்தவர் உள்ளங்கையில் பிள்ளையின் பெயராக நிலைக்கிறது. சிலுவையில் ஆணி பாய்ந்த கைகளைக் கிறிஸ்தவர் இவ்வசனத்தோடு சேர்த்து நினைப்பது இயல்பே.

நினைக்கப்படுகிறோம் என்ற ஆறுதலோடு இது முடிந்துவிடுவதில்லை. யோயாக்கீனோடு சென்றவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி ஒரு கடிதம் விடுத்தார். பெட்டியைக் கட்டியபடியே உட்கார்ந்திராதீர்கள்; வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் நலத்துக்காக மன்றாடுங்கள் என்பது அதன் சாரம். பெயர்த்து நட்ட மரம் அந்த மண்ணிலேயே வேர்விடவேண்டும் என்றார். அவ்வாறே வேர்விட்டது. யூதர் பெயரால் வழங்கிய ஓர் ஊர் பாபிலோனிய நாட்டில் இருந்ததையும், அவர்கள் நிலம் உழுது, வரி செலுத்தி, கொடுக்கல் வாங்கல் செய்ததையும் கி.மு. 572 முதல் எழுதப்பட்ட களிமண் பலகைகள் காட்டுகின்றன. கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேஸ் பாபிலோனைக் கைப்பற்றியபின் நாடு திரும்ப வழி பிறந்தது. திரும்பியவரும் உண்டு, அங்கேயே தங்கி நிலைத்தவரும் உண்டு.

அந்நிய நகருக்காக மன்றாடுவது எப்படி இயலும்? அந்நகரத்தாரையும் படைத்தவர் அவரே என்று உணரும்போது இயலும். நம் தந்தையானவர் தீயோர்மேலும் நல்லோர்மேலும் தம் கதிரவனை உதிக்கச் செய்கிறார் என்று இயேசுபெருமான் போதித்தார். கதிரவனைப் படைத்தவரும், தந்தையும் அங்கே ஒருவரே. தந்தை ஒருவரென்றால் அண்டை வீட்டார் எப்படி அந்நியராவார்? நம் மொழி அறியாத பக்கத்து வீட்டுக்காரர், நம் கட்டடத்தில் செங்கல் சுமக்க வேறொரு மாநிலத்திலிருந்து வந்திருக்கும் பெண், நம் பேச்சைக் கேட்டு நகைக்கும் கடைக்காரர் ஆகிய எல்லாருடைய பெயரும் அதே உள்ளங்கையில்தான் வரையப்பட்டிருக்கின்றன. என்னை மறவாதிரும் என்று வேண்டுகிற நாம், அவர்களை மறந்திருப்பது முறையாகாது.

இன்று வேலைக்குப் புறப்படுமுன் ஒன்று செய்வோம். இந்த நகரில் நாம் நாள்தோறும் பார்த்தும் பெயர் கேட்காத ஒருவரை நினைத்துக்கொள்வோம். மாலையில் திரும்பும்போது அவர் பெயரைக் கேட்டறிவோம். ஊரில் தாய்தந்தையர் இருப்பவர்கள், இன்றே அவர்களுக்கு இரண்டு வார்த்தை பேசுவோம். நம் குரலை அவர்கள் அடையாளம் காணாவிட்டாலும் பேசுவோம். மரம் வைத்தவர் தண்ணீர் ஊற்ற வரும்போது, பலமுறை நம் கைகளையே கேட்டு வாங்குகிறார்.