பாக்கெட்டில் இருந்த தோட்டா

கதை எழுதுகிறவள் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். இன்றைக்கு நர்ஸாகத்தான் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் ஒரு பெரியவரை அவர் வீட்டுக்கே போய்க் கவனித்துக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டியவர். ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. நவம்பர் மாதம், மான் வேட்டைக் காலம். துவைத்த துணியை டிரையரில் போட்டதும் உள்ளே ‘டிங் டிங்’ என்று சத்தம். சில்லறைக் காசு என்றுதான் நினைத்தேன். நிறுத்திவிட்டுத் துழாவினால், ஓரங்குல நீளத்தில் பித்தளைத் தோட்டா. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பாக்கெட்டைப் பார்க்காமல் துணியை ஊறப்போடாதே என்று நாகர்கோவிலில் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் பயந்தது அப்பாவின் பஸ் டிக்கெட்டுக்கு.

இதைச் சொன்னால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: வெடித்திருக்குமா? பெரும்பாலும் வெடிக்காது. வீட்டு டிரையரின் சூடு 70 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் போகும். தோட்டாவின் மருந்து தானாகப் பற்ற 150-க்கும் மேல் வேண்டும். அப்படியே வெடித்தாலும், துப்பாக்கிக்கு வெளியே என்பதால் குண்டு சினிமாவில் வருவதுபோலப் பாயாது. அதைவிட லேசான பித்தளை உறைதான் கிழிந்து சிதறும். கண்ணில் பட்டால் கண் போகும், அது வேறு. துவைத்த தோட்டாவைக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்துவதுதான் மோசம். மருந்து நமத்திருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடித்துவிடும்.

எனக்கு உறுத்தியது வேறு. அந்த வீட்டில் துப்பாக்கி இல்லை. எல்லாவற்றையும் கோடையிலேயே எடுத்துப் போய்விட்டதாக மகள் சொல்லியிருந்தாள். பேண்ட்டும் பழசல்ல, மூன்று வாரத்துக்கு முன் அவளே வாங்கிக் கொடுத்தது. அப்படியானால் தோட்டா எங்கிருந்து வந்தது?

மனதுக்குள் ஜெபித்தபடியே அவளுக்குப் போன் செய்தேன். “என் அப்பாவைச் சந்தேகப்படுகிறாயா?” என்றாள். வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும் அன்று மாலையே வந்துவிட்டாள். இருவருமாகத் தேடினோம். அலமாரி, கட்டிலடி, குளியலறை, எங்கும் இல்லை. கொட்டகையில் ஓடாமல் நின்ற பழைய பிக்கப் வண்டியின் இருக்கைக்குப் பின்னால் இருந்தது, போர்வை சுற்றி. தோட்டா போட்டே வைத்திருந்தார். அவள் வண்டிப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

“பிக்கான் மரத்து அணில்களுக்கு வைத்திருந்தேன்” என்றார் பெரியவர், வெகு சாதாரணமாக. இருக்கலாம். மனைவி போன பிறகு அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்ததையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மகளிடம் அதையும் அன்றுதான் சொன்னேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை பேண்ட்டை மாட்டிவிட்டேன். பாக்கெட்டில் கைவிட்டுத் தேடினார்.

“இங்கே ஒன்று வைத்திருந்தேனே” என்றார்.

என்ன என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

“சாவி” என்றார்.