நிறத்தை அளக்கும் முறை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

முத்துக் குளித்த கடற்கரை நம்முடையது. 1961-க்குப் பின் இங்கு நடைபெறாத அத்தொழிலில், முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளிலிட்டுச் சலித்து அளவு வகுத்தனர். கழஞ்சும் மஞ்சாடியும் கொண்டு எடை கண்டனர். நிறத்துக்கு மட்டும் கண்ணைத் தவிர வேறு கருவி இல்லை. மனிதத் தோலின் நிறமும் நெடுங்காலம் கண்ணாலேயே மதிப்பிடப்பட்டது. முத்தில் கண் தவறினால் பொருள் நட்டம். மனிதரில் தவறினால் நேர்வது என்ன என்பதையே இன்று சிந்திக்க விழைகிறோம்.

கண் நம்பத்தக்க கருவியன்று. ஒரே கை வெயிலில் ஒரு நிறமாகவும் விளக்கொளியில் வேறொரு நிறமாகவும் தோன்றும். அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. ஒருவரின் சாதியை முன்னரே அறிந்த கண், அவர் நிறத்தையும் அதற்கேற்பவே காண்கிறது. நம்மிடையே வெளிர் நிறத்தினரும் உளர்; உயர்ந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரிடையே கருநிறத்தினரும் உளர். இதற்கு ஒவ்வொரு தெருவும் சான்று.

ஐரோப்பியர் நிறத்தை அளக்க முற்பட்டபோது, ஆஸ்திரியரான லூஷான் 36 வண்ணக் கண்ணாடி வில்லைகளைத் தோலோடு ஒப்பிட்டார். நம் நாட்டில் ரிஸ்லி என்னும் அதிகாரி, மூக்கு அகன்றால் சமூகத் தகுதி தாழும் என்றே எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த தர்ஸ்டன், அளவுகோலுடன் மலைகளுக்குச் சென்றார். தம்மைப் பாடம் செய்து காட்சிக்கு வைத்துவிடுவார் என்று அஞ்சிப் பணியப் பெண்கள் ஓடினர். உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று கருதி இருளர் ஒருவர் மறுத்தார். இவற்றை அவர் வேடிக்கையாகக் குறித்துள்ளார். நமக்கோ நகைப்பு எழவில்லை. எதற்காக அளக்கிறார்கள் என்பது அளக்கப்பட்டவர்க்கு விளங்கவில்லை அன்றோ!

அவ்வளவுகளையே கையிலெடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவரே என்று 1948-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார் அண்ணல் அம்பேத்கர். அளவைகளை வெறுத்தொதுக்காமல், கற்று ஆண்ட அறிவு அது.

இன்றைய தோல் மருத்துவத்துக்கு நிற அளவு தேவைப்படுகிறது. ஒளிச் சிகிச்சையில் கதிரின் அளவு மிகுந்தால் தோல் புண்ணாகும். குறைந்தால் பயன் இராது. இதற்கென அமெரிக்க மருத்துவர் பிட்ஸ்பாட்ரிக் 1975-இல் ஒரு பகுப்பை வகுத்தார். வெயிலில் தோல் எரிகிறதா, கறுக்கிறதா என வினவி வகைப்படுத்தும் முறை அது. முதலில் அது வெள்ளையர்க்கே அமைந்தது. பழுப்பு, கறுப்புத் தோலுக்குரிய வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன.

வினாவைவிடக் கருவி திருத்தமானது. அது தோலின்மீது பச்சை, சிவப்பு ஒளிகளைப் பாய்ச்சி, மீண்டு வரும் ஒளியை அளக்கிறது. குருதி பச்சை ஒளியை மிகுதியாக உண்ணும். சிவப்பைச் சிறிதே உண்ணும். ஆதலால் மீளும் சிவப்பொளியின் குறைவைக் கொண்டு மெலனின் என்னும் நிறமியின் அளவைக் கணிக்கலாம். முதலில் வெண்தகட்டில் கருவியைச் சரிபார்க்க வேண்டும். அழுத்தினால் குருதி விலகுமாதலால், மெல்ல வைத்துப் பலமுறை அளந்து சராசரி காண வேண்டும்.

எங்கே அளப்பது? நம் உப்பளத் தொழிலாளியின் முன்கை, வெயில் தந்த நிறத்தையும் சேர்த்துக் காட்டும். பிறவி நிறத்தை அறிய, வெயில் படாத மேற்கையின் உட்புறத்தை அளப்பர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, உழைப்பு உடலில் எழுதிய கணக்கு. வெண்புள்ளி உடையோரைத் தொழுநோயர் என ஒதுக்கும் கொடுமை இன்னும் உண்டு. வெண்புள்ளி தொற்றுநோயன்று, சிகிச்சையால் நிறம் மீள்கிறதா என்பதையும் இக்கருவி எண்ணால் காட்டும்.

ஆயினும் கருவி என்பதாலேயே அது நடுநிலையானது என்று எண்ணிவிடலாகாது. விரலில் மாட்டி உயிர்வளி அளக்கும் கருவியை, கொரோனாக் காலத்தில் யாவரும் கண்டோம். அது 92 முதல் 96 வரை காட்டியபோதும், கறுப்பின நோயாளிகளிடம் நூற்றுக்கு ஏறத்தாழ 12 அளவீடுகளில் உண்மை நிலை 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையரிடம் அது ஏறத்தாழ 4 மட்டுமே. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு இதனைக் காட்டிற்று. கருந்தோலில் போதிய அளவு சோதித்துப் பாராத கருவி, கருந்தோலினரின் உயிரோடு விளையாடுகிறது.

ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 1,228 தென்னிந்தியரின் நிறத்தைக் கருவியால் அளந்தனர். ஒரு மரபணுவின் ஓரெழுத்து மாற்றம், அவர்களிடையே கண்ட நிற வேறுபாட்டில் ஏறத்தாழ 27 விழுக்காட்டை விளக்கிற்று. இத்தனை பேர் ஏற்றத்தாழ்வு கற்பித்த நிறத்துக்குள் இருப்பது இதுவே: நிறமியும், சில மரபணுக்களும், வெயிலும். ஒழுக்கமோ அறிவோ அதில் இல்லை.

மாணவச் செல்வங்களே! நம் முன்னோர் அளக்கப்பட்டனர். நீங்கள் அளப்போராக வேண்டும். இயற்பியலும் உயிரியலும் கற்று, மருத்துவராகவும் கருவி செய்வோராகவும் வருக. எக்கருவி வந்தாலும், நம் மக்களின் தோலில் சோதித்தீரா என்று கேட்கும் துணிவு கொள்க. அதற்கே இக்கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தது.