கோழிக்கிடும் கீரையும் முட்டையின் ஓடும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் இல்லங்கள் பலவற்றில் கோழி வளர்ப்பு தாய்மார்களின் பொறுப்பாகவே இருந்து வருகின்றது. முட்டை விற்ற காசு அவர்கள் முந்தானையில் முடிந்த காசு. அதற்குக் கணக்குக் கேட்பார் இலர். அக்காசுக்குக் குறை நேரும் விஷயம் ஒன்றையே யாம் இன்று பேச எடுத்துக்கொண்டோம். கை பட்டவுடன் நொறுங்கும் மெல்லோட்டு முட்டை விற்பனைக்கு ஆகாது. அடைவைத்தாலோ, உள்ளிருக்கும் ஈரம் மிகுதியாக வெளியேறிக் குஞ்சு பொரியாமற் போகவுங் கூடும். அன்றியும், உடைந்த முட்டையின் ருசி கண்ட கோழி தன் முட்டையைத் தானே கொத்தித் தின்னப் பழகிவிடும்.

இதற்குக் கீரையே காரணமென்று சிலர் அதனை அடியோடு நிறுத்துகின்றனர். கீரையிற் சுண்ணாம்புச் சத்து உண்டெனக் கேள்வியுற்ற வேறு சிலர் கூடை கூடையாய் இடுகின்றனர். இவ்விரண்டும் பொருந்தா என்பதே எமது கருத்து.

முட்டையின் ஓடு நூற்றுக்கு ஏறத்தாழ 94 பங்கு கால்சியம் கார்பனேட்டு. சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் அப்பொருளே. ஓர் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு. உண்பதிற் பாதியளவே உடலிற் சேருமாதலால், முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வரை வேண்டும். ஓடு கட்டும் வேலை ஏறத்தாழ 20 மணி நேரம், பெரும்பாலும் இரவில் நடைபெறுகின்றது. அவ்வேளை குடலிற் சுண்ணாம்பு இல்லையேல் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டுகின்றது. எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இனிக் கீரைக்கு வருவோம். 100 கிராம் பாலக்கீரையிற் கால்சியம் ஏறத்தாழ 100 மில்லிகிராம். அவ்வளவும் உடலிற் சேர்ந்தாலும், ஒரு முட்டையின் ஓட்டுக்கு 2 கிலோ கீரை வேண்டும்! அதுவும் சேருவதில்லை. பாலக்கீரை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை இவற்றில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்பைப் பற்றிக் கரையாத உப்பாக்கி எச்சத்தோடு கழித்துவிடும். அளவு மிஞ்சினால் தீவனத்திலுள்ள சுண்ணாம்பிலும் ஒரு பகுதியைக் கட்டிப்போடும். முருங்கையிலை, முட்டைக்கோசு, குதிரைமசால் ஆகியவற்றில் இவ்வமிலம் பாலக்கீரையைக் காட்டிலும் குறைவு.

ஆயினும் அமிலத்தினும் பெருங்கேடு வேறொன்றென்று எமக்குத் தோன்றுகின்றது. கீரையிற் பத்திலொன்பது பங்கு தண்ணீர். காலையில் வயிறு நிறையக் கீரை தின்ற கோழி தீவனத்தைத் தொடாது. சுண்ணாம்பும் புரதமும் ஒருங்கே குறையும். மற்றபடி அளவோடு இட்ட கீரையால் மஞ்சட்கரு நல்ல நிறம் பெறும். அடைபட்ட கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதும் குறையும்.

கீரையின்மேற் பழி போடுமுன் கோடை வெப்பத்தையும், கோழியின் வயதையும், வெள்ளைக்கழிச்சல் நோயையும் எண்ணுதல் வேண்டும். இவையும் ஓட்டை மெலியச் செய்வனவே. வெயில் படாத கூண்டில் அடைத்து வைப்பதும் கேடே. சுண்ணாம்பு உடலிற் சேர வேண்டிய டி வைட்டமின் வெயிலால் உண்டாவதன்றோ!

ஆதலால் காலையிற் தீவனம் இடுக. பிற்பகலிற் கோழிக்கு ஒரு பிடிக்கு மேற்படாமற் கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுக. மாலையில், நெல்லளவாய் நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிச்சட்டியில் வைக்க. பெருந்துண்டுகள் இரைப்பையிற் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். வேண்டிய அளவைக் கோழி தானே எடுத்துக்கொள்ளும். கிளிஞ்சல் கிடையாதவர், கழுவிச் சூடேற்றிய முட்டையோட்டை உருத்தெரியாமல் நொறுக்கி இடலாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பையோ, சுட்ட சுண்ணாம்பையோ இடவேண்டா. வாயும் குடலும் வெந்துபோம். முட்டையிடத் தொடங்காத குஞ்சுகளைக் கிளிஞ்சற் சட்டிக்கு அப்பால் வைத்து வளர்க்க; மிகுந்த சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.