காற்றின் கணக்கேடு



பருவநிலை மாற்றத்தைக் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் நல்ல ஏடுகள் எங்கே கிடைக்கும் என்பது பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

நான் ஓர் அறிவியல் ஆசிரியன். என்னை இந்தத் தேடலில் இறக்கியது என் மாணவி ஒருத்தியின் கேள்வி. "காற்றில் கரியமில வாயு பெருகி வருகிறது, அதனால் உலகம் வெப்பமடைகிறது" என்று வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். "ஐயா, அதை அளந்தவர் யார்?" என்று அவள் எழுந்து கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் கற்பித்தது வெறும் கேள்விச் செல்வமே என்பதை அன்று உணர்ந்து நாணினேன்.

அன்று மாலையே தேடத் தொடங்கினேன். இணையத்தில் இப்பொருளுக்குப் பஞ்சமில்லை. உலகம் நாளையே அழியும் என்று அச்சுறுத்துவனவும் உண்டு. எல்லாம் வெறும் கட்டுக்கதை என்று எள்ளி நகையாடுவனவும் உண்டு. எதை நம்புவது? அந்த மாணவியின் கேள்வியையே சல்லடையாகக் கொண்டேன். அளந்தவர் யார்? எங்கே? எப்போது? எந்தக் கருவியால்? இவற்றுக்கு விடை கூறாதவற்றை ஒதுக்கினேன்.

சலித்தபின் எஞ்சியவற்றுள் தலையாயது ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் எழுதப்படும் கணக்கேடு. நகரப் புகையும் காட்டின் மூச்சும் எளிதில் எட்டாத, சுமார் 3,400 மீட்டர் உயரமுள்ள இடம் அது. சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் அறிஞர் 1958ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அங்கே அளவீட்டைத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 313 பங்கு கரியமில வாயு இருந்தது. 1964இல் பணமின்மையால் பணி சிறிது காலம் நின்றது. கீலிங் மனந்தளராது மீண்டும் தொடர்ந்தார். இன்று அவ்வளவு 420ஐத் தாண்டிவிட்டது. அந்த எண்களை எவரும் காசின்றிப் பெறலாம்.

அவற்றை வகுப்பிற்குக் கொண்டு சென்றேன். மாணவர்கள் கட்டத்தாளில் மாதந்தோறும் புள்ளியிட்டுக் கோடு வரைந்தனர். கோடு நேராகச் செல்லவில்லை. இரம்பத்தின் பற்களைப்போல் ஏறி இறங்கிற்று. "கருவி பழுதாகியிருக்கும், ஐயா" என்றான் ஒருவன். "எந்த மாதத்தில் ஏறுகிறது, எந்த மாதத்தில் இறங்குகிறது, பார்" என்றேன். ஆண்டுதோறும் மே மாதத்தில் உச்சி. செப்டம்பர், அக்டோபரில் அடிமட்டம். பழுதுபட்ட கருவி இவ்வளவு ஒழுங்காகப் பிழை செய்யுமா?

சிறிது நேரச் சிந்தனைக்குப்பின் அவனே விடை கண்டான். உலகின் நிலப்பரப்பில் பெரும்பகுதி வடபாதியில் உள்ளது. அங்கே கோடையில் தழைக்கும் செடிகொடிகள் வாயுவை உட்கொள்கின்றன. குளிர்காலத்தில் இலைகள் மட்கி அதனைத் திரும்ப விடுகின்றன. பூமி மூச்சு விடுவதை அவர்கள் தங்கள் கையால் வரைந்த கோட்டிலேயே கண்டனர். ஆனால் ஒவ்வோர் ஆண்டின் உச்சியும் முந்தைய உச்சியைவிட உயர்ந்திருப்பதைக் கண்டபோது வகுப்பு மௌனமாயிற்று. நான் ஒரு சொல்லும் கூறவேண்டியிருக்கவில்லை.

மேலும் அறிய விரும்புவோர், 1988இல் நிறுவப்பட்ட பன்னாட்டரசுப் பருவநிலைக் குழுவின் அறிக்கைகளை நாடலாம். 1850 முதல் 1900 வரையிலான காலத்தோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் புவியின் வெப்பம் சுமார் 1.1 பாகை செல்சியசு உயர்ந்திருந்தது என்று அதன் ஆறாம் அறிக்கை கூறுகிறது. ஒவ்வொரு முடிவும் எவ்வளவு உறுதியானது என்பதையும் அது உடன் கூறிவிடுகிறது. அதுவே நேர்மையான ஏட்டின் அடையாளம். கடினமான நூல்தான், எனினும் அதிலுள்ள வினா விடைப் பகுதிகள் கல்லூரி மாணவர்க்கு எட்டக்கூடியவை. ஆசிரியர்களுக்குரிய பாடக் கையேடுகளைப் பாரிசு நகரிலுள்ள பருவநிலைக் கல்வி அலுவலகம் இலவசமாக வழங்குகிறது.

உங்கள் பள்ளி முற்றத்திலும் ஒரு மழைமானி வையுங்கள். ஓராண்டு மழை பருவநிலையைக் காட்டாது. அதற்கு முப்பதாண்டுச் சராசரி வேண்டும். ஆயினும், ஓர் எண்ணைத் தவறாமல் எழுதிவைப்பது எத்துணை உழைப்பு என்பது புரியும்.

"அளந்தவர் யார்?" என்று எவரையும் கேளுங்கள். உங்கள் ஆசிரியரையும் கேளுங்கள். அவர் சினங்கொள்ளாமல் உங்களோடு தேட முன்வந்தால், நீங்கள் நல்ல ஆசிரியரைப் பெற்றிருக்கிறீர்கள்.