ஆயிரம் கோடி வசூலும் தங்கவயலும்



ஒரு திரைப்படத்தின் தரத்தை அறிய வசூலைப் பார்ப்பதா, விமர்சனத்தைப் பார்ப்பதா என்ற வினாவை எழுப்பத் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இவ்வூரின் பெயரைத் தாங்கிய 'கே.ஜி.எஃப்.' படத்தின் முதல் பாகம் 2018 டிசம்பரில் வெளிவந்தது. 2022 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகம் ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டி வசூலித்தது. விமர்சகர்களிடம் அதற்குக் கிடைத்ததோ கலவையான வரவேற்பே.

வசூல் எதை அளக்கிறது? பார்வையாளர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே சீட்டை வாங்கிவிடுகிறார். ஆகவே முதல் மூன்று நாள் வசூல் விளம்பரத்தின் வலிமையையும், திரையரங்குகளின் எண்ணிக்கையையும், சீட்டின் விலையையுமே காட்டும். இரண்டாம் வாரக் கூட்டம்தான், பார்த்தவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சொன்ன சொல்லின் விளைவு. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' வசூலில் தோற்றது; இன்று அதைப் போற்றாதவர் அரிது.

ஆயினும் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 'கே.ஜி.எஃப்.' வாரக்கணக்கில் ஓடியது. மக்கள் விரும்பியே பார்த்தனர். வறுமையில் பிறந்த ஒருவன் அதிகாரத்தை அடித்து நொறுக்குவதைக் கண்டு உழைக்கும் இளைஞர்கள் ஆர்ப்பரித்ததை வெறும் மயக்கம் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். அந்தச் சினம் உண்மையானது. அதைப் படம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே கேள்வி.

படத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் அடிமைகள். மீட்பன் வரும்வரை காத்துக்கிடப்பவர்கள். இங்கு நடந்தது வேறு. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் மக்கள். நாளடைவில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. பாறைத்தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயால் மாண்டவர் பலர். அவர்களே 1930-இல், கைவிரல் ரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். 1940-களில் செங்கொடிச் சங்கம் கண்டனர். 1946-இல் துப்பாக்கிச் சூட்டுக்கும் பலியாயினர். மீட்பன் எவனும் வந்து அவர்களை எழுப்பவில்லை.

விமர்சகர்களும் தப்ப முடியாது. சண்டைக்காட்சி, ஒளிப்பதிவு, பின்னணி இசை என்று பிரித்துப் பிரித்து நட்சத்திரம் இட்டவர்களுள் இந்த வரலாற்றை நினைத்தவர் மிகச் சிலர். நட்சத்திரம் இடுவது விமர்சனமும் அன்று. அது கடைக்காரரின் விலைச்சீட்டு. 2024 ஆகஸ்டில் வந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' அந்த மக்களையே நாயகராக்கியது. வசூலில் அது 'கே.ஜி.எஃப்.'-ஐ நெருங்கவே இல்லை. கதைசொல்லலில் தெளிவு போதாது என்ற விமர்சனம் நியாயமானதே. உழைப்பாளிகளின் கதை என்பதற்காக அக்குறையை மூடிமறைக்க வேண்டியதில்லை.

இரண்டில் ஒன்றைத் தேர்வதானால் விமர்சனத்தையே தேர வேண்டும். ஆனால் அது இன்னும் எழுதப்படாத விமர்சனம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்கள் இன்றும் லைன் வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் விடியலில் பெங்களூரு ரயிலைப் பிடிக்கிறார்கள். இரு படங்களையும் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கிளைத் தோழர்கள் எழுதி அனுப்பலாம்.