கைமாறும் இணையம்: முகவரி யாருடையது?

இணைய, தொலைக்காட்சிச் சேவை நிறுவனம் ஒன்று கைமாறுகிறது என்றதும் ஜொகூர் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "கட்டணம் ஏறுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஏறினால் வேறு நிறுவனம் தேடலாம். மின்னஞ்சல் முகவரி போனால்?

ஜாரிங்கை நினைத்துப் பாருங்கள். மைமோஸ் தொடங்கிய, நாட்டின் முதல் இணையச் சேவை அது. 1511-ஐ அழைத்துவிட்டு, மோடம் கீச்சிடும்வரை காத்திருந்தவர்கள் ஸ்கூடாயிலும் கூலாயிலும் இன்றும் இருக்கிறார்கள். 2014-இல் ஜாரிங் கைமாறியது. மறு ஆண்டே மூடப்பட்டது. பெயர் அட்டையில் அச்சடித்த முகவரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கைப்பேசி எண்ணுக்கு இந்தக் கதி இல்லை. 2008 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். 2022 இறுதியில் செல்கோமும் டிஜியும் இணைந்தபோது 019, 016 எண்கள் அப்படியே இருந்தன. மின்னஞ்சலுக்கு அப்படியோர் ஏற்பாடு கிடையாது. ஆகவே வங்கிக்கும் பள்ளிக்கும் நிறுவனம் தந்த முகவரியை மட்டும் கொடுத்திருப்பவர்கள், இன்றே வேறொன்றையும் பதிந்து வைப்பது நல்லது.

இன்னொன்று: டிகோடர், மோடம் வாங்கியபோது கட்டிய முன்பணத்தின் ரசீது. பலர் அதைத் தேடுவதே நிறுவனம் மாறிய பிறகுதான்! ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் பாக்கி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய நிர்வாகம் பதில் தராவிட்டால், தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் எழுத்துமூலம் புகார் செய்யலாம். நிறுவனத்திடம் முன்பு கொடுத்த புகாரின் எண்ணையும் அதில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.